ஃபுல் சிக்னல் காட்டும்... ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும்! வைஃபை எக்ஸ்டெண்டரை எங்கே மாட்டுவது?

ஹாலில் டி.வி தடையில்லாமல் ஓடுகிறது. அதே நேரத்தில், மாடி அறையில் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் மகளின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. பின்பக்க அறையில் இருக்கும் பாட்டி, வெளிநாட்டுப் பேரனின் முகத்தைப் பார்க்க போனைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வரவேண்டியிருக்கிறது. இன்டர்நெட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது வீடு முழுவதற்கும்தான். கிடைப்பது என்னவோ ஹாலுக்கு மட்டும்!

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, வைஃபை ரேஞ்ச் எக்ஸ்டெண்டர். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலிருந்தே கிடைக்கிறது. வாங்கி வந்த கையோடு, சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் மாட்டுவார்கள். போனில் ஃபுல் சிக்னல் காட்டும். ஆனால், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். 'காசு வேஸ்ட்' என்று கழற்றி பரண்மேல் போட்டுவிடுவார்கள். இப்படிப் போன பல கருவிகளில் கோளாறு எதுவும் இருக்காது. மாட்டிய இடம்தான் தப்பாக இருந்திருக்கும்.

எக்ஸ்டெண்டர் என்னதான் செய்கிறது?

எக்ஸ்டெண்டர் புதிதாக இன்டர்நெட்டை உருவாக்குவதில்லை. ரவுட்டரிலிருந்து வரும் சிக்னலை வாங்கி, அதையே மறுபடி அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கிணற்றில் தண்ணீர் இருக்கும் இடத்தில் மோட்டாரை வைத்தால்தான் வயலுக்குப் பாயும். வயல் காய்கிறதே என்று மோட்டாரைக் கொண்டுபோய் காய்ந்த வயலில் வைத்தால், சத்தம்தான் வரும், தண்ணீர் வராது. எக்ஸ்டெண்டரும் அப்படித்தான். சிக்னல் இல்லாத அறையில் மாட்டினால், வாங்கி அனுப்ப அதனிடம் எதுவும் இருக்காது.

அப்படியானால் போனில் ஃபுல் சிக்னல் எப்படிக் காட்டுகிறது? போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டுமே சொல்கின்றன. எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நிலைமை என்பதை அவை சொல்வதில்லை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், பாதி பிரச்னை தீர்ந்த மாதிரிதான்.

வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகள்

1. ரவுட்டர் பக்கத்தில் வேகம் எவ்வளவு?

போனில் மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, ரவுட்டருக்கு அருகில் நின்று ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். டேட்டா ஆனில் இருந்தால் போன் தானாகவே அதற்குத் தாவிவிடலாம், கணக்கு தப்பாகிவிடும். ரவுட்டர் பக்கத்திலேயே வேகம் மந்தமாக இருந்தால், பிரச்னை லைனிலோ, பிளானிலோ, ரவுட்டரிலோ இருக்கிறது. முதலில் இன்டர்நெட் கம்பெனியிடம் புகார் கொடுக்க வேண்டும். அந்தச் சூழலில் எத்தனை எக்ஸ்டெண்டர் வாங்கினாலும் பயனில்லை.

2. ரவுட்டர் இருக்கும் இடம் சரியா?

கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலும் அது வாசல் பக்கச் சுவராக இருக்கும். அதனால், சிக்னலில் ஒரு பங்கு தெருவுக்குப் போய்விடுகிறது. டி.வி-க்குப் பின்னால், ஷோகேஸுக்குள், பீரோ மறைவில், தரையில் என்று வைத்திருந்தால் இன்னும் மோசம்.

இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, தண்ணீர் டேங்க் ஆகியவை வைஃபைக்கு ஆகாதவை. உலோகம் சிக்னலைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் சிக்னலைப் பெருமளவு தடுக்கும். மைக்ரோவேவ் அவன் ஓடும்போது, அதன் அருகே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறுவதும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இயங்குவதுதான் காரணம்.

வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டரை வைத்தாலே சில வீடுகளில் எக்ஸ்டெண்டர் தேவைப்படாது. ஃபைபர் கனெக்‌ஷனாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: அந்த மெல்லிய ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. இழுக்கவோ, மடக்கவோ கூடாது. இடம் மாற்ற கம்பெனி ஆளைக் கூப்பிடுவதே நல்லது. ஃபைபர் வந்து சேரும் பாக்ஸும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் வேலை சுலபம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லேன் கேபிளை நீளமானதாக மாற்றி, ரவுட்டரை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம்.

3. எந்த பேண்டில் இருக்கிறீர்கள்?

இப்போது வரும் பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பேண்டுகளில் சிக்னல் தருகின்றன. 5-இல் வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4-இல் வேகம் குறைவு. ஆனால் கூடுதல் தூரம் போகும். தூரத்து அறையில் 5-ஐப் பிடித்துக்கொண்டு போன் திணறினால், 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடலாம்.

எந்த எக்ஸ்டெண்டர் வாங்கலாம்?

கடையில் 'என்300', 'ஏசி750', 'ஏசி1200' என்று பெட்டிமேல் எழுதியிருக்கும். என்300 என்பது பொதுவாக 2.4 பேண்ட் மட்டும் உள்ள மாடல். ஏசி என்று தொடங்குபவை பெரும்பாலும் இரண்டு பேண்டும் உள்ளவை. அந்த எண், இரண்டு பேண்டுகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட காகிதக் கணக்கு. ஏசி1200 என்றால் 2.4-இல் 300, 5-இல் 867 என்று கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டிருப்பார்கள். வீட்டில் 1,200 எம்பிபிஎஸ் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒரே பேண்ட் உள்ள எக்ஸ்டெண்டர், ரவுட்டரிடமிருந்து வாங்குவதையும் போனுக்குக் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிச் செய்ய வேண்டும். அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு பேண்ட் இருந்தால், ஒன்றில் வாங்கி மற்றொன்றில் கொடுக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தாலும் டூயல் பேண்ட் வாங்குவதே நல்லது.

பாதியானால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தெளிவான வீடியோ காலுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். 100 எம்பிபிஎஸ் பிளான் உள்ள வீட்டில், மாடி அறைக்கு 30 கிடைத்தாலே வகுப்பு, இன்டர்வியூ, சினிமா எல்லாம் நடக்கும். ஹாலில் வரும் அதே வேகம் மாடியிலும் வர வேண்டும் என்று எதிர்பார்த்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

லேன் போர்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரூம் டி.வி-யையோ, கம்ப்யூட்டரையோ சின்ன கேபிள் மூலம் நேரடியாக எக்ஸ்டெண்டரில் இணைக்க அது உதவும். விலை குறைந்த பல மாடல்களில் அந்த போர்ட்டின் உச்ச வேகம் 100 எம்பிபிஎஸ்தான். டி.வி-க்கு அது போதும்.

எங்கே மாட்டுவது?

பொதுவான விதி இதுதான்: ரவுட்டருக்கும் சிக்னல் வராத அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். சரிபாதி தூரம் என்று டேப் வைத்து அளக்கத் தேவையில்லை. ரவுட்டர் பக்கம் கொஞ்சம் நெருங்கியிருந்தால் தவறில்லை; சிக்னல் வராத அறைப் பக்கம் நெருங்கினால்தான் தவறு.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: வழக்கமாக நிற்கும் அறையிலிருந்து போனோடு மெதுவாக ரவுட்டரை நோக்கி நடந்து வாருங்கள். நாலைந்து அடிக்கு ஒருமுறை நின்று ஸ்பீடு டெஸ்ட் செய்யுங்கள். எந்த இடத்தில் வேகம் நன்றாகத் தெரிகிறதோ, அதற்குப் பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட்தான் எக்ஸ்டெண்டருக்கான இடம்.

இன்னும் துல்லியமாகப் பார்க்க, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைஸர் வகை ஆப்கள் இருக்கின்றன. அவை சிக்னலை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம் அதிகம். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குச் சிக்கல் இருக்காது. மைனஸ் 80-ஐத் தாண்டினால் தொடர்பு அறுந்து அறுந்து போகும். எக்ஸ்டெண்டர் மாட்டும் இடத்தில் மைனஸ் 60-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. எண்ணில் 3 குறைந்தாலே சிக்னலின் பலம் பாதியாகிவிடுகிறது. அதனால், அடுத்த பிளக்குக்கு மாற்றிப் பார்ப்பதுகூட பெரிய வித்தியாசம் தரும்.

மாடி வீடுகளில், மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ள பிளக் பாயின்ட் பெரும்பாலும் கைகொடுக்கும். கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிட, படிக்கட்டுத் திறப்பு வழியே சிக்னல் சுலபமாக மேலேறும். ரயில் பெட்டி போல அறைகள் வரிசையாக உள்ள வீட்டில், கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் நடு அறையில், கதவுக்கு நேராக வரும் பிளக்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மிக்ஸி பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

பல மாடல்களில் சிக்னலைக் காட்டும் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். சிவப்போ ஆரஞ்சோ எரிந்தால், ரவுட்டரிலிருந்து தள்ளிப்போய்விட்டது என்று அர்த்தம். எந்த நிறம் எதைச் சொல்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே வரும் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

செட்டப்... படிப்படியாக!

எந்த மாடலாக இருந்தாலும், முதல் செட்டப்பை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே முடித்துவிட வேண்டும். அதன் பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

1. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஒரு பிளக்கில் எக்ஸ்டெண்டரை மாட்டி, விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருங்கள்.

2. போனின் வைஃபை பட்டியலில் எக்ஸ்டெண்டரின் பெயர் தெரியும். அதில் இணையுங்கள். 'இன்டர்நெட் இல்லை' என்று போன் சொல்லும். பயப்பட வேண்டாம், தொடர்ந்து இணைந்திருக்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் மொபைல் டேட்டா ஆஃபில் இருக்கட்டும்.

3. கம்பெனியின் ஆப்பைத் திறங்கள். அதை முன்கூட்டியே இன்ஸ்டால் செய்துவைத்துக்கொள்வது நல்லது. ஆப் வேண்டாம் என்றால், எக்ஸ்டெண்டரின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் அப்படியே டைப் செய்யலாம்.

4. அட்மின் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கச் சொல்லும். இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. எக்ஸ்டெண்டரின் செட்டிங்ஸுக்கான பூட்டு. இரண்டும் வெவ்வேறாக இருக்கட்டும். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. கிடைக்கும் வைஃபை பட்டியலில் உங்கள் ரவுட்டரின் பெயரைத் தேர்ந்தெடுத்து, அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். டூயல் பேண்ட் என்றால் இரண்டு பேண்டுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம்.

6. சேவ் செய்ததும் எக்ஸ்டெண்டர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். இணைப்பு வந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு, கழற்றி உரிய இடத்தில் மாட்டுங்கள்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு டபிள்யூபிஎஸ் பட்டன் இருக்கிறது. ரவுட்டரில் அந்த பட்டனை அழுத்திவிட்டு, இரண்டு நிமிடங்களுக்குள் எக்ஸ்டெண்டரிலும் அழுத்தினால் இரண்டும் தானாக இணைந்துகொள்ளும். ஆனால், டபிள்யூபிஎஸ்-ஸின் பின் நம்பர் முறையில் உள்ள பலவீனம் 2011-லேயே வெளிவந்துவிட்டது. எனவே, வேலை முடிந்ததும் ரவுட்டர் செட்டிங்ஸில் அதை ஆஃப் செய்துவிடுவது பாதுகாப்பு.

பெயர் ஒன்றா, இரண்டா?

எக்ஸ்டெண்டருக்கு ரவுட்டரின் பெயரையே வைக்கலாம். வேறு பெயரும் வைக்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வசதி. அறைக்கு அறை வைஃபையை மாற்றத் தெரிய வேண்டியதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. சில போன்கள் ஹாலில் பிடித்த ரவுட்டர் சிக்னலை, மாடிக்குப் போன பிறகும் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும்.

பெட்ரூம் டி.வி, மாடி கம்ப்யூட்டர் போல ஒரே இடத்தில் இருப்பவற்றுக்கு, தனிப்பெயர் வைத்தால் எதில் இணைந்திருக்கிறது என்ற குழப்பம் இருக்காது. சிசிடிவி கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் பல, 2.4 பேண்டை மட்டுமே பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்னாளில் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினால், எக்ஸ்டெண்டருக்கு அது தெரியாது. 'திடீரென்று வேலை செய்யவில்லை' என்ற புகார்களுக்கு இதுவும் ஒரு காரணம். புதிய பாஸ்வேர்டைக் கொடுத்து மறுபடியும் செட்டப் செய்ய வேண்டும்.

கூகுளில் 'கஸ்டமர் கேர்' தேடாதீர்கள்!

செட்டப் நடுவில் நின்றுவிட்டால், பலர் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை கூகுள் தேடலில் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் வலை விரித்திருக்கிறார்கள். கம்பெனியின் பெயரிலேயே போலிப் பக்கங்களும் போலி உதவி எண்களும் வரலாம். போன் செய்தால், 'உங்கள் போனில் இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யுங்கள், நாங்களே சரிசெய்கிறோம்' என்பார்கள். அந்த ஆப் வழியாக உங்கள் போன் திரை முழுவதும் அவர்களுக்குத் தெரியும். பேங்க் ஓடிபி உட்பட!

எக்ஸ்டெண்டர் செட்டப்புக்கு ஓடிபியோ, கார்டு எண்ணோ, யுபிஐ பின்னோ தேவையே இல்லை. உதவி எண்ணை பெட்டியிலோ, கையேட்டிலோ பார்த்து மட்டும் அழையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். எக்ஸ்டெண்டர் மாட்டிய பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பலரும் பார்ப்பதில்லை. கரண்ட் போனதும் ஹாலில் இன்டர்நெட் இருக்கும், மாடியில் போய்விடும். பரீட்சையோ, இன்டர்வியூவோ இருக்கும் நாளில் இது நடந்தால் சிரமம். எனவே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மெயினை ஒருமுறை ஆஃப் செய்து, அந்த பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எக்ஸ்டெண்டர் எடுப்பது சின்ன எல்இடி பல்பு அளவு மின்சாரம்தான். இன்வெர்ட்டருக்குச் சுமை இல்லை.

எப்போது எக்ஸ்டெண்டர் வேண்டாம்?

ஒரே ஓர் அறையில் பிரச்னை என்றால் எக்ஸ்டெண்டர் போதும். மூன்று மாடி வீடு, அல்லது நாலைந்து அறைகளில் சிக்னல் இல்லை என்றால், ஒன்றுக்குப் பின் ஒன்றாக எக்ஸ்டெண்டர்களை மாட்டக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மெஷ் வைஃபை பொருத்தம். இரண்டு, மூன்று பெட்டிகள் ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து வேலை செய்யும். விலை அதிகம்தான்.

லேன் கேபிள் இழுக்க வழியிருந்தால், அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரே கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். கேபிளின் மறுமுனையில் எக்ஸ்டெண்டரை 'அக்சஸ் பாயின்ட்' மோடில் போட்டால், வேகம் பாதியாகும் பிரச்னையே இல்லை. இந்த வசதி லேன் போர்ட் உள்ள பல மாடல்களில் உண்டு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையும் இப்படிப் பயன்படுத்தலாம். அதில் அக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், எலெக்ட்ரிக் பைப் பதிக்கும்போதே மாடிக்கு ஒரு லேன் கேபிள் போட்டுவிட்டால், இந்தக் கட்டுரையே அவர்களுக்குத் தேவைப்படாது.

வாங்கிய பிறகு...

பெட்டியையும் பில்லையும் உடனே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ரிட்டர்ன் செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து, அதற்குள் எல்லா அறைகளிலும் சோதித்துவிடுங்கள். ஆட்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும், டி.வி ஓடும் ராத்திரி 9 மணிக்குச் சோதித்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். ஹாலில் உட்கார்ந்து 'நல்லா வருதே' என்று முடிவுசெய்யாமல், மாடி அறையிலிருந்து ஒரு வீடியோ கால், பாட்டியின் கட்டிலிலிருந்து ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். இரண்டும் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் ஓடினால், எக்ஸ்டெண்டர் சரியான பிளக்கில்தான் இருக்கிறது.